ரெசிஸ்டர் எல்இடிக்கு முன்னாலா, பின்னாலா? கூடவே, வெள்ளை எல்இடி ஏன் எரியவில்லை?

புதுச்சுற்று கேட்டது:

வணக்கம். மின்சுற்றை அடிப்படையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து 5 மி.மீ. சிவப்பு எல்இடி, அதிலிருந்து மைனஸ். பிரெட்போர்டில் (ஒரே வரிசைத் துளைகள் உள்ளுக்குள் இணைந்திருக்கும் செருகு பலகை) போட்டிருக்கிறேன், நன்றாக எரிகிறது.

அந்த எல்இடியின் இரண்டு கால்களும் இருக்கும் அதே வரிசைகளில் ஒரு வெள்ளை எல்இடியையும் செருகினேன். வெள்ளை எரியவே இல்லை. சிவப்பைப் பிடுங்கினால் வெள்ளை எரிகிறது, திரும்பச் செருகினால் அணைந்துவிடுகிறது. ஆக எல்இடி பழுதில்லை. பிறகு ஏன்?

எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்க மல்டிமீட்டரை 200 மில்லிஆம்பியரில் வைத்து, இரண்டு முனைகளையும் பேட்டரியின் மேலேயே வைத்தேன். ஒரு கணம் ஏதோ எண் வந்தது. இப்போது மில்லிஆம்பியரில் எங்கே திருப்பினாலும் பூஜ்யம்தான். வோல்ட் மட்டும் சரியாகக் காட்டுகிறது.

கடைசியாக ஒரு சந்தேகம். ரெசிஸ்டர் முன்னால் இருந்தால்தானே எல்இடிக்குக் கரண்ட்டைக் குறைத்து அனுப்பும்? எலக்ட்ரான் மைனஸிலிருந்துதான் கிளம்புகிறது என்கிறார்கள். அப்படியானால் ரெசிஸ்டர் மைனஸ் பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? படங்களில் பெரும்பாலும் பிளஸ் பக்கம்தான் வரைந்திருக்கிறார்கள்.

---

ஓம்காரன் எழுதியது:

கடைசிச் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் வெள்ளை எல்இடி விஷயம் பாதி தீர்ந்த மாதிரி.

எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான். இப்போதே கழற்றி மைனஸ் பக்கம் மாற்றிப் பாருங்கள், வெளிச்சத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. குழப்பம் "குறைத்து அனுப்பும்" என்ற சொல்லில் இருக்கிறது. கரண்ட் பேட்டரியிலிருந்து கிளம்பி, வழியில் ரெசிஸ்டரில் மெலிந்து, மிச்சம் எல்இடிக்குப் போய்ச் சேருகிறது என்று மனதில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படம் தப்பு.

செம்புக் கம்பி காலிக் குழாய் அல்ல. பேட்டரியை மாட்டுவதற்கு முன்பே அதில் நகரக்கூடிய எலக்ட்ரான்கள் நிரம்பிக் கிடக்கின்றன: ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 8.5 × 10¹⁹. அவற்றை ஈடுகட்டும் பாசிட்டிவ் மின்னூட்டம் செம்பு அணுக்களில் இருப்பதால் கம்பி மொத்தத்தில் நடுநிலையில் இருக்கிறது. பேட்டரி எலக்ட்ரான்களைச் சேமித்து வைத்து ஊற்றும் குடம் இல்லை. ஏற்கெனவே இருப்பவற்றை ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் அதே எண்ணிக்கையை உள்ளே வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இனி வேகத்தைப் பாருங்கள். ஜம்பர் கம்பி 0.6 மி.மீ. விட்டம், கரண்ட் 20 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் எலக்ட்ரான்கள் சராசரியாக மணிக்கு 2 சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை. ரெசிஸ்டருக்கும் எல்இடிக்கும் இடையே 5 செ.மீ. கம்பி இருந்தால், ரெசிஸ்டரை விட்டு வெளியே வந்த ஒரு எலக்ட்ரான் எல்இடியைத் தொட இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் எல்இடியோ மாட்டியவுடனே எரிகிறது. மெலிந்த கரண்ட் வந்து சேருவதாக இருந்தால் இது நடக்கவே நடக்காது.

நடப்பது வேறு. மின்புலம் ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் சுற்று முழுவதும் பரவுகிறது. ஏதாவது ஓர் இடத்தில் உள்ளே வருவது வெளியே போவதைவிட அதிகமாக இருந்தால் அங்கே மின்னூட்டம் குவியும். குவிந்தது பின்னால் வருவதைத் தள்ளும். நானோ வினாடிகளில் எல்லாம் சமமாகிவிடும். அதனால் ஒரே வழியுள்ள சுற்றில் ரெசிஸ்டருக்கு முன், பின், எல்இடிக்குள், பேட்டரிக்குள் எங்கும் ஒரே கரண்ட். கிர்க்காஃப் 1845-இல் சொன்ன சந்தி விதி இதைத்தான் சொல்கிறது. மின்னூட்டம் செலவாவதில்லை. "இந்த பல்பு இவ்வளவு கரண்ட் சாப்பிடும்" என்று பேச்சில் சொல்கிறோம், அது வாய்ப்பழக்கம்.

செலவாவது ஆற்றல். 9 வோல்ட் என்றால் பேட்டரி ஒவ்வொரு கூலூம் மின்னூட்டத்துக்கும் 9 ஜூல் ஆற்றல் கொடுக்கிறது என்று பொருள். 20 மில்லிஆம்பியரில் ஒரு கூலூம் கடக்க 50 வினாடி ஆகும். அந்த 50 வினாடியில் சிவப்பு எல்இடியில் 2 ஜூல், ரெசிஸ்டரில் 7 ஜூல். ஆமாம், முக்கால் பங்குக்கு மேல் ரெசிஸ்டரில் சூடாகப் போகிறது. 9 வோல்ட்டில் ஒற்றைச் சிவப்பு எல்இடி எரிப்பது அவ்வளவு ஊதாரித்தனம்.

பிளஸ்-மைனஸ் பெயர் விவகாரம்: 1747 வாக்கில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வைத்த பெயர்கள் அவை. எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டது 1897-இல். அதற்குள் ஒன்றரை நூற்றாண்டு கணக்கெல்லாம் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு என்று எழுதியாகிவிட்டது. கம்பிக்குள் எலக்ட்ரான் எதிர்த்திசையில் நகர்ந்தாலும் கணக்கின் விடை மாறாது. படம் வரையும்போது மரபுத் திசையையே வைத்துக்கொள்ளுங்கள், டையோடின் அம்புக்குறியும் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

---

நாலு வளையம் எழுதியது:

வெள்ளை எல்இடிக்கு நான் வருகிறேன்.

எல்இடி ரெசிஸ்டர் மாதிரி நடந்துகொள்ளாது. குறிப்பிட்ட வோல்ட் வரும்வரை ஏறக்குறைய எதுவுமே கடத்தாது. அதைத் தாண்டினால் கரண்ட் செங்குத்தாக ஏறும். சிவப்புக்கு அந்த அளவு 1.8 முதல் 2.2 வோல்ட். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3.0 முதல் 3.4. வெள்ளை எல்இடி என்பது உள்ளே நீல எல்இடிதான், மேலே மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு இருக்கும், அதனால்தான் இரண்டுக்கும் ஒரே வோல்ட்.

நீங்கள் இரண்டையும் ஒரே வரிசைகளில் செருகியதால் இரண்டின் குறுக்கேயும் ஒரே வோல்ட்தான் இருக்க முடியும். 2 வோல்ட்டிலேயே சிவப்பு கதவைத் திறந்துவிடுகிறது. மீதி 7 வோல்ட்டை ரெசிஸ்டர் பிடித்துக்கொள்கிறது. வெள்ளைக்குக் கிடைப்பது 2, தேவை 3. அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. சிவப்பைப் பிடுங்கியதும் அந்த இடத்து வோல்ட் 3.2-க்கு ஏறுகிறது, வெள்ளை எரிகிறது.

ஒரே நிற எல்இடிகளாக இருந்தாலும் ஒரு ரெசிஸ்டரைப் பங்கு போடுவது நல்ல பழக்கம் இல்லை. ஒரே பையில் வந்த இரண்டு சிவப்புக்குள்ளேயே 0.1 வோல்ட் வித்தியாசம் இருக்கலாம். கரண்ட் அவ்வளவு செங்குத்தாக ஏறும் என்பதால் அந்த 0.1 வோல்ட் ஒன்றைப் பளிச்சென்றும் மற்றதை மங்கலாகவும் ஆக்கப் போதும்.

சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, பக்க இணைப்பே வேண்டுமென்றால் ஆளுக்கொரு ரெசிஸ்டர். வெள்ளையின் நீளக் காலைச் சிவப்பு இருக்கும் வரிசையிலிருந்து எடுத்துப் புது வரிசையில் வைத்து, அந்த வரிசையிலிருந்து இன்னொரு 330 ஓமை பிளஸ் தண்டவாளத்துக்கு (பேட்டரியின் பிளஸ் இணைந்த வரிசை) கொடுங்கள். வெள்ளைக்குக் கரண்ட்: 9-இல் 3.2 போக 5.8, அதை 330-ஆல் வகுத்தால் சுமார் 17.5 மில்லிஆம்பியர். சிவப்புக்கு 21. பேட்டரி கொடுக்க வேண்டியது இரண்டும் சேர்ந்து 39 மில்லிஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு.

இன்னொன்று தொடர் இணைப்பு, எனக்குப் பிடித்தது இதுதான். சிவப்பு, வெள்ளை, ஒரு 220 ஓம், மூன்றையும் ஒரே வழியில் கோர்த்துவிடுங்கள். 9 − 2 − 3.2 = 3.8 வோல்ட், 220-ஆல் வகுத்தால் 17 மில்லிஆம்பியர். அந்த 17 இரண்டையும் எரிக்கிறது, பேட்டரியிலிருந்து போவதும் 17 மட்டுமே. ஓம்காரன் ஊதாரித்தனம் என்று சொன்னதில் பாதி இங்கே குறைகிறது.

ஆனால் ஆசைப்பட்டு எல்இடிகளைக் கோர்த்துக்கொண்டே போகாதீர்கள். மூன்று சிவப்பைத் தொடராகப் போட்டால் 6 வோல்ட் போய்விடும், மீதி 3-க்கு 150 ஓம், 20 மில்லிஆம்பியர். பார்க்கச் சிக்கனம். பேட்டரி இறங்கி 7.2 வோல்ட் ஆனதும் ஒற்றைச் சிவப்புச் சுற்றில் இன்னும் 16 மில்லிஆம்பியர் ஓடும். இந்த மூன்று எல்இடிச் சுற்றில் 8-தான் ஓடும். ரெசிஸ்டரின் பங்கு சிறியதாக இருந்தால் பேட்டரியின் ஒவ்வொரு சின்ன இறக்கமும் வெளிச்சத்தில் பெரிதாகத் தெரியும். ரெசிஸ்டருக்குக் குறைந்தது 2-3 வோல்ட்டாவது விட்டுவைக்க வேண்டும்.

ரெசிஸ்டர் மேல் உள்ள நிற வளையங்களையும் சரிபாருங்கள். 330 ஓம் என்றால் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. மூன்றாவது வளையம் கறுப்பாக இருந்தால் அது 33 ஓம். அதைப் போட்டால் 200 மில்லிஆம்பியருக்கு மேல் போக வழி கிடைக்கும், எல்இடி ஒரு நொடி ஆரஞ்சு நிறமாக மாறி நாற்றத்தோடு போய்விடும். மூன்றாவதும் ஆரஞ்சு என்றால் 33 கிலோஓம், 0.2 மில்லிஆம்பியர், இருட்டில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மங்கிய விளக்கு வெளிச்சத்தில் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோல இருக்கும், மீட்டரில் ஓம் பார்த்துவிட்டுச் செருகுவது உத்தமம்.

---

ஃபியூஸ்போன மீட்டர் எழுதியது:

என் பெயரே சொல்லும், மல்டிமீட்டர் பகுதி எனக்கு.

ஃபியூஸ் போயிருக்கிறது, மீட்டர் போகவில்லை. வோல்ட் அளக்கும்போது மீட்டர் உள்ளே பல லட்சம் ஓம் முதல் 1 கோடி ஓம் வரை தடையாக நிற்கும், அதனால் எதன் குறுக்கேயும் தைரியமாக வைக்கலாம். ஆம்பியருக்குத் திருப்பினால் தலைகீழ். கரண்ட் மீட்டர் வழியாகவே ஓட வேண்டும் என்பதால் உள்தடை மிகக் குறைவு: சாதாரணச் சிறிய மீட்டர்களில் 200 மில்லிஆம்பியர் அளவில் 1 ஓம். அதைப் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே வைப்பது ஒரு துண்டுக் கம்பியால் ஷார்ட் செய்வதற்குச் சமம்.

பேட்டரியைக் கழற்றி, டெஸ்ட் லீடுகளையும் உருவிவிட்டு, பின்மூடியைத் திறங்கள். பெரும்பாலும் 5 × 20 மி.மீ. கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், இழை அறுந்தது சில சமயம் தெரியாது. வெளியே எடுத்து அதே மீட்டரில் ஓம் பார்க்கலாம், அந்த அளவுக்குப் பொதுவாக ஃபியூஸ் தேவைப்படாது. எண் வராவிட்டால் மாற்ற வேண்டியதுதான். மூடியில் அச்சிட்டிருக்கும் அதே ஆம்பியர், அதே வோல்ட், அதே வேகமாக எரியும் வகை. அலுமினியத் தாள் சுற்றுவது, பெரிய ஃபியூஸ் போடுவது இரண்டும் கூடாது. அடுத்த தடவை ஃபியூஸுக்குப் பதில் உள்ளே கரண்ட் அளக்க வைத்திருக்கும் சிறு தடை (ஷன்ட்) கருகும்.

கரண்ட் அளக்க வேண்டுமென்றால் சுற்றை ஓர் இடத்தில் வெட்டி, அந்த இடைவெளியில் மீட்டரை வைக்க வேண்டும். உங்கள் போர்டில் எல்இடியின் குட்டைக் காலை மைனஸிலிருந்து எடுத்து ஒரு காலி வரிசையில் செருகுங்கள். சிவப்பு லீடு அந்த வரிசைக்கு, கறுப்பு லீடு மைனஸுக்கு. அளந்து முடித்ததும் முதல் வேலையாகத் திருகியை வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். 10 ஆம்பியர் துளையில் லீடு செருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். நிறைய மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது, லீடு அங்கேயே இருக்க வோல்ட் பார்க்கிறேன் என்று போனால் மறுபடி ஷார்ட்.

உண்மையில் உங்கள் சுற்றுக்கு ஆம்பியர் அளவே தேவையில்லை. 330 ஓமின் குறுக்கே வோல்ட் பாருங்கள், 330-ஆல் வகுங்கள். சுற்றை வெட்ட வேண்டாம், ஃபியூஸும் போகாது. ரெசிஸ்டரைத் தனியாகக் கழற்றி அதன் உண்மையான ஓம் அளவையும் எடுத்துக்கொண்டால் துல்லியம் கூடும். தங்க வளையம் என்றால் 5 சதவீதம் இப்படி அப்படி இருக்கும். சுற்றில் இருக்கும்போது ஓம் அளக்கக் கூடாது, பேட்டரியின் வோல்ட் கணக்கைக் கெடுத்துவிடும்.

---

புதுச்சுற்று எழுதியது:

மூவருக்கும் நன்றி. ரெசிஸ்டரை மைனஸ் பக்கம் மாற்றினேன், வெளிச்சம் அப்படியேதான் இருக்கிறது. தனித்தனி ரெசிஸ்டர் போட்டதும் வெள்ளையும் எரிகிறது.

சிவப்பு மட்டும் இருக்கும்போது அளந்தவை: ரெசிஸ்டர் தனியாக 327 ஓம். ரெசிஸ்டரின் குறுக்கே 6.6 வோல்ட், எல்இடியின் குறுக்கே 2.0. கூட்டினால் 8.6. ஆனால் எதையும் மாட்டாமல் பேட்டரி 9.1 காட்டுகிறது. அரை வோல்ட் எங்கே போனது? கம்பியிலா?

இன்னொன்று. துணியில் தேய்த்த பலூனில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்குமாமே. அதை வைத்து எல்இடி எரிக்க முடியாதா?

---

ஓம்காரன் எழுதியது:

அளவுகளை எழுதியது நல்லது, பேட்டரியின் உடல்நிலையே இதில் இருக்கிறது.

கம்பியில் போகவில்லை. ஜம்பர் கம்பிக்கும் போர்டின் கிளிப்புக்கும் சேர்த்து ஓர் ஓமின் சிறு பகுதிதான் தடை, 20 மில்லிஆம்பியருக்கு அதில் சில மில்லிவோல்ட்தான் விழும். சந்தேகமாக இருந்தால் எல்இடி எரியும்போது மீட்டரைப் பேட்டரி முனையிலேயே வைத்துப் பாருங்கள், அங்கேயே 8.6 காட்டும். அரை வோல்ட் பேட்டரிக்கு உள்ளேயே விழுகிறது.

9 வோல்ட் பேட்டரி என்பது உள்ளே 1.5 வோல்ட் மின்கலங்கள் ஆறு, தொடராக. ஒவ்வொன்றின் வேதிப்பொருளுக்கும் ஒரு தடை உண்டு, சுற்றின் கரண்ட் அதையும் கடந்துதான் ஆக வேண்டும். 6.6-ஐ 327-ஆல் வகுத்தால் 20 மில்லிஆம்பியர். 0.5 வோல்ட்டை 0.020-ஆல் வகுத்தால் 25 ஓம். புதிய ஆல்கலைன் என்றால் இது சில ஓம்தான் இருக்கும். உங்களுடையது நன்றாகத் தேய்ந்தது, அல்லது ஜிங்க்-கார்பன் வகை.

இந்த ஒரு எண்ணால் மற்ற இரண்டும் விளங்கும். மீட்டரைப் பேட்டரி மேல் வைத்தபோது சுற்றில் இருந்தது அந்த 25 ஓமும் மீட்டரின் 1 ஓமும்: 9.1-ஐ 26-ஆல் வகுத்தால் 350 மில்லிஆம்பியர். 200 மில்லிஆம்பியர் ஃபியூஸ் அறுந்துபோக அது போதும். புதுப் பேட்டரியாக இருந்திருந்தால் ஆம்பியர்கணக்கில் போயிருக்கும்.

அடுத்து, இரண்டு எல்இடியும் தனித்தனி ரெசிஸ்டரோடு எரியும்போது பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 8.25 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். மொத்தக் கரண்ட் 34 மில்லிஆம்பியர் அளவில் இருக்கும், நாலு வளையம் போட்ட 39 அல்ல. அவர் கணக்கு உள்தடை இல்லாத பேட்டரிக்கு. வெள்ளையைச் செருகும் கணத்தில் சிவப்பு ஒரு பொட்டு மங்குவதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். கரண்ட்டைப் பங்கு போட்டதால் மங்குவதில்லை. பேட்டரிக்குள் விழும் வோல்ட் கூடிவிட்டது, அதனால் மங்குகிறது.

ஆகவே பேட்டரி நல்லதா என்று பார்க்க வெறுமனே வோல்ட் அளப்பது பிரயோஜனமில்லை. மீட்டர் ஏறக்குறைய கரண்ட்டே இழுக்காது, உள்தடை இருப்பதே வெளியே தெரியாது. ஏதாவது சுமையை மாட்டிவைத்து அளக்க வேண்டும்.

---

நாலு வளையம் எழுதியது:

39-ஐ 34 என்று திருத்தியது சரிதான், பழைய பேட்டரி என்று எனக்குத் தோன்றவில்லை.

பலூனுக்குப் பதில்: வோல்ட் நிறைய இருக்கும், மின்னூட்டம் இருக்காது. 0.1 மைக்ரோகூலூம் சேர்ந்திருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையில் பார்த்தால் 6 × 10¹¹ எலக்ட்ரான்கள், பெரிய கூட்டம்தான். ஆனால் எல்இடி 20 மில்லிஆம்பியரில் எரிய வேண்டுமென்றால் அந்தக் கூட்டம் 5 மைக்ரோ வினாடியில் தீர்ந்துவிடும். பேட்டரி அதே மின்னூட்டத்தை மறுபடி மறுபடி சுற்றில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பலூனில் தள்ள ஆள் இல்லை, ஒரு தடவை வழிந்ததோடு சரி. போதாக்குறைக்கு ரப்பர் கடத்தாப் பொருள், தொட்ட இடத்தில் உள்ள மின்னூட்டம்தான் இறங்கும், மற்ற இடத்தில் இருப்பது அங்கேயே ஒட்டிக்கிடக்கும்.

எரியுமா என்று பார்க்க வெள்ளை எல்இடியை எடுக்காதீர்கள். நீலமும் வெள்ளையும் நிலைமின்னுக்குச் சிவப்பைவிட எளிதில் கெடும். தலைகீழாக 5 வோல்ட் வரைதான் தாங்கும் என்று எல்இடிகளின் விவரத்தாள்களில் போட்டிருப்பார்கள், பலூன் அதைக் கேட்டுக்கொண்டு வராது. போர்டைத் தொடும் முன் தரையோடு இணைந்த ஓர் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலை செய்யுங்கள்.

---

ஃபியூஸ்போன மீட்டர் எழுதியது:

புதுப் பேட்டரி போட்டபின் மறுபடி அளக்கும்போது ஒன்று கவனியுங்கள். ஃபியூஸ் மாற்றி, இடைவெளியில் மீட்டர் வைத்து 20 மில்லிஆம்பியர் அளவில் பார்த்தால், ரெசிஸ்டர் முறையில் வந்ததைவிட எண் ஒரு பொட்டுக் குறைவாக வரும். அந்த அளவில் இந்த மீட்டர்களின் உள்தடை 10 ஓம், அதிலேயே 0.2 வோல்ட் விழுகிறது. மேலும் 20-ஐத் தாண்டினால் திரையில் இடது ஓரம் 1 மட்டும் நிற்கும். பழுது என்று நினைக்க வேண்டாம், 200-க்குத் திருப்புங்கள்.